அவசரத்துக்கு ஓர் அறை

வண்டியக்காவுக்கு எங்கள் தெருவில் இன்னொரு பெயர் உண்டு: முளைக்குச்சி. குதிரையைக் கட்ட மண்ணில் அடிக்கிற முளை. அடித்த இடத்தை விட்டு அசையாதவள் என்பதால் வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் நினைப்பு. ஒருநாள் பூட்டுக்கடைக்காரர் வாய் தவறி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா வண்டியை நிறுத்தவில்லை. "முளை ஒண்ணு நட்டமா நிக்கிறதாலதான் அண்ணே, குதிரை ஊர் மேயப் போகாம இருக்கு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. ஜன்னல் செய்கிறவர்கள், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பூசுகிறவர்கள், என்னைப் போலப் படங்களுக்கு பிரேம் போடுகிறவர்கள் என்று எல்லோருக்கும் கண்ணாடிதான் பிழைப்பு. கண்ணாடி ஆலையோ கீழே ஆற்றை ஒட்டி இருக்கிறது. நடுவில் கல் பாவிய சந்துகள். வேன் நுழைந்தால் இரண்டு பக்கச் சுவரிலும் பெயின்டை விட்டுவிட்டுத்தான் வெளியே வரும். ஆகவே கண்ணாடி குதிரை வண்டியில் வருகிறது. வண்டியின் மேல், சமையலறையில் தட்டு அடுக்கும் ஸ்டாண்டைப் பெரிதாக்கியதுபோல ஒரு மரத்தாங்கி. கண்ணாடியைச் செருகும் அதன் காடிகளில் கம்பளி ஒட்டியிருக்கும். கண்ணாடிகள் செங்குத்தாக நிற்கும். கயிற்றை இறுக்கிக் கட்டக் கூடாது. இறுக்கினால் ஒரு குலுக்கலில் விரிசல் ஓடிவிடும். கொஞ்சம் அசைய இடம் விட வேண்டும். அதனால் வண்டி வரும்போது கண்ணாடிகள் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வரும். அந்த முணுமுணுப்பு ஒரே சீராக இருந்தால் சரக்கு பத்திரம், சாலை பத்திரம், குதிரையும் பத்திரம்.

அக்கா வண்டிக்காரக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். புருஷன் கண்ணாடி ஏற்றுவார். அவருடைய தம்பி நாற்காலி, மேசை, பீரோ ஏற்றுவார். புருஷன் காய்ச்சலில் போனபோது, வண்டியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குள் உட்காருவாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. ஆலையில் உடைந்து கழித்துப் போட்ட துண்டுகளை வாங்கி, தாங்கியில் அடுக்கி, கடை திறக்காத நேரங்களில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தாள். எந்தக் கல் ஆடுகிறது, எந்தத் திருப்பத்தில் சக்கரம் இறங்குகிறது என்று ஒவ்வொரு சந்தும் மனப்பாடம் ஆன பிறகுதான் முழுக் கண்ணாடியைத் தொட்டாள். உடைந்தால் பொறுப்பு வண்டிக்காரருடையது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அக்கா உடைத்தது மிகக் குறைவு. உடைத்ததற்கு ஒருமுறைகூட சாக்குச் சொன்னதில்லை.

புருஷனுடைய குதிரைக்கு வயதாகிப் போன பிறகு, சந்தையில் அவளே பார்த்து ஒரு பெட்டைக் குதிரையை வாங்கி வந்தாள். செம்மண் நிறம், நெற்றியில் சுண்ணாம்பு தெறித்ததுபோல ஒரு பொட்டு. நடை அவ்வளவு மெதுவு. கொழுந்தன் பார்த்துவிட்டு, "அண்ணி, இது ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள கண்ணாடி மறுபடி மண்ணாப் போயிடும்" என்றார். அக்கா அன்றைக்கே அதற்கு அவசரம் என்று பெயர் வைத்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த பேச்செல்லாம் வேடிக்கைதான். "அவசரம் தண்ணி குடிச்சுதா?" "அவசரத்த வெயில்ல நிறுத்தாதீங்க." கடைக்காரர்கள் வாசலில் நின்று, "என்னக்கா, அவசரமா எங்க?" என்பார்கள். "பின்னாடி மெதுவா வருது" என்பாள் அக்கா.

அந்த மெதுவில் ஒரு குணம் இருந்தது. அவசரம் காலை வைக்கும்போது கல்லைத் தட்டாது. குளம்பைக் கல்லின் மேல் வைத்து, கொஞ்சம் யோசித்து, பிறகு எடையை இறக்கும். கண்ணாடி வண்டிக்கு அதைவிட நல்ல குதிரை கிடைக்காது. பல வருஷம் அப்படியே போயிற்று.

அந்த வருஷம் மழை விட்ட சமயம், என் கடைக்குக் கொஞ்சம் தள்ளி, நாலு முனைச் சந்தில் வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. முணுமுணுப்புக்கு நடுவே 'டிங்' என்று ஒரு சத்தம். ஓர் அடி விட்டு மறுபடி 'டிங்'. எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை. அக்கா அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டாள். கீழே இறங்கி, கண்ணாடியைப் பார்க்காமல் நேராகக் குதிரையின் முன்னங்காலைப் போய்த் தொட்டாள். கல் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. லாடம் தளர்ந்திருக்கவில்லை. என் கண்ணுக்கு அது நொண்டுவதாகவே தெரியவில்லை.

"நல்லாத்தானே நடக்குது அக்கா?"

"கண்ணாடி சொல்லுதே" என்றாள்.

சரக்கை அங்கேயே இறக்கி, நானும் பூட்டுக்கடைக்காரரும் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிப் போனோம். வெறும் வண்டியோடு அவசரத்தை நடத்தி வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். எக்ஸ்ரே எந்திரத்தை லாயத்துக்கே கொண்டுவந்து படம் எடுத்தார். இரண்டு நாள் கழித்துப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இடது முன்காலில், குளம்புக்கு மேலே மூட்டைச் சுற்றி எலும்பு புதிதாக வளர்ந்திருந்தது.

"வளையல் மாதிரி வளந்திருக்கும்மா. கழட்ட முடியாத வளையல். மருந்து வலியைக் குறைக்கும், எலும்பைக் கரைக்காது. கல்லு ரோட்டுல பாரம் இழுக்கிறது இனிமே கிடையாது."

"மெத்துன்னு தரையில நின்னா?"

"நிக்கலாம், கொஞ்சம் நடக்கலாம். நொண்டும். வலி மட்டா இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது." மருத்துவர் படத்தைக் கீழே இறக்கினார். "முடிச்சுடலாம்னு நீங்க நினைச்சா அதுவும் தப்பில்லைம்மா. நானே வந்து, வலி தெரியாமப் பண்ணுவேன். யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

"குத்தம் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், அதுக்கு நான் பயப்படல. தினம் காலையில என்னைப் பாத்துக் கனைக்குது. தீவனத்துக்கு முட்டி மோதுது. அதுக்கு முடிச்சுக்கணும்னு தோணலையே. எனக்கு மட்டும் எப்படித் தோணும்?"

மருத்துவர் மருந்தை எப்படித் தீவனத்தில் கலப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பிரச்சினை குதிரையின் காலில் மட்டும் இல்லை. அந்த வீட்டு லாயத்தில் இரண்டு குதிரைக்குத்தான் இடம். ஒன்று கொழுந்தனுடைய குதிரைக்கு, இன்னொன்று அவசரத்துக்கு. கண்ணாடி வண்டி ஓட வேண்டுமானால் அக்காவுக்குப் புதுக் குதிரை வேண்டும். புதுக் குதிரை வந்தால் அவசரம் எங்கே நிற்கும்? லாயம் இரண்டு பேருக்கும் பொது. கொழுந்தன் சொன்னதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"அண்ணி, எனக்கும் அது மேல பாசம்தான். ஆனா வேலை செய்யாத குதிரைக்கு லாயத்துல இடம் குடுத்தா, வேலை செய்யற குதிரை எங்க நிக்கும்? உங்க மடியிலயா?"

"யோசிக்கிறேன் தம்பி."

"யோசிங்க. சீக்கிரம் யோசிங்க. குதிரை பேரு அவசரம்னா அது பாட்டுக்கு மெதுவா இருக்கலாம். நாம இருக்க முடியாது."

ஊருக்கு வெளியே புல்வெளி வைத்திருக்கிற ஒருவர் வயதான குதிரைகளை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு இருந்தது. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். புல் நன்றாகத்தான் இருந்ததாம். முன்பு கொண்டுவிட்ட குதிரைகளைக் காட்டச் சொன்னபோது அந்த ஆள் வேறு பேச்சுப் பேசினாராம். அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

அந்த இடைவெளியில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொழுந்தன் தன் குதிரையை அக்காவுக்குக் கொடுத்தார். அதை வைத்து அவள் ஆலைக்குப் போய்ச் சரக்கு கொண்டுவருவாள். அப்படி அவள் போயிருந்த ஒரு காலையில்தான் அது நடந்தது. எனக்கு அவசரமாக ஒரு கண்ணாடி வேண்டியிருந்தது. வண்டி வரும் வரை காத்திருக்கலாம் என்று அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போயிருந்தேன். முற்றத்தில் கொழுந்தன், அவர் மனைவி, லாடக்காரர், கூடவே ஒரு புது ஆள். கடற்கரையில் குழந்தைகளைக் குதிரை மேல் ஏற்றிச் சவாரி விடுகிறவர். லாடக்காரர் அவசரத்தின் கயிற்றைப் பிடித்து முற்றத்தைச் சுற்றிக் கூட்டிப் போனார்.

அவசரம் நொண்டவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தலையை ஆட்டாமல், சீராக நடந்தது. நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன்.

அப்போது வண்டியோடு அக்கா வாசலுக்குள் வந்தாள். குதிரையைப் பார்த்தாள். கடிவாள வாரை நழுவ விட்டுவிட்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு கணம் அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மருந்து வேலை செய்துவிட்டது, படம் பொய், மருத்துவர் பொய். அக்கா சிரித்ததை நான் பார்த்த மிகச் சில நேரங்களில் அதுவும் ஒன்று.

"பாத்தீங்களா அண்ணி" என்றார் கொழுந்தன். "ஓய்வு குடுத்ததும் சரியாயிடுச்சு. இவருக்கு சவாரிக்கு ஒரு சாதுவான குதிரை வேணுமாம். கடற்கரைக் காத்து, குழந்தைங்க, கேரட்டு. ராணி மாதிரி இருக்கும்."

அக்கா சிரித்த முகத்தோடேயே இறங்கி வந்தாள். அவசரத்தின் கழுத்தைத் தடவினாள். பிறகு சிரிப்பு நின்றது. குதிரையின் காதுகளைப் பார்த்தாள், அவை பின்னால் மடிந்திருந்தன. கண்ணைப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் நடத்துங்க" என்றாள் லாடக்காரரிடம்.

நடத்தினார்.

"அடி குட்டையா வைக்குதே. ஏன்?"

"ரொம்ப நாள் நின்ன குதிரைங்க. போகப் போக நீளும்" என்றார் லாடக்காரர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அக்கா தன் வண்டியில் பூட்டியிருந்த குதிரையை அவிழ்த்தாள். என்னைப் பார்த்து, "பிரேம்காரரே, ஒரு கை பிடிங்க. ரெண்டே ரெண்டு கண்ணாடி மேல இருக்கட்டும், மிச்சத்த இறக்கிடலாம்" என்றாள்.

"அது என் கண்ணாடி அக்கா."

"தெரியும். உடைஞ்சா என் தலை மேல."

இறக்கினோம். அவசரத்தை ஏர்க்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பூட்டினாள். கொழுந்தன், "எதுக்கு அண்ணி இப்ப வண்டி? சவாரிக்குப் போற குதிரை வண்டியா இழுக்கப் போகுது?" என்றார். அக்கா பதில் சொல்லாமல் குதிரையின் கன்னத்தில் கை வைத்து, "வாம்மா, நாலே அடி" என்றாள்.

டிங். டிங். டிங். டிங்.

முன்பு ஓர் அடி விட்டு ஓர் அடிக்கு வந்த சத்தம் இப்போது ஒவ்வோர் அடிக்கும் வந்தது. தாங்கியில் நின்ற இரண்டு கண்ணாடிகளும் பல் தந்தியடிப்பதுபோல நடுங்கின. அக்கா உடனே நிறுத்தி அவிழ்த்துவிட்டாள்.

"முன்னாடி ஒரு கால்தான் நொண்டிச்சு. இப்ப ரெண்டும் நொண்டுது. அதான் சமமா இருக்கு" என்றாள். கையை நீட்டினாள். "ஆணி பிடுங்கற குறட்டைக் குடுங்க."

லாடக்காரர் கொடுக்கவில்லை. அக்கா அவருடைய பெட்டியிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள். அவசரத்தின் வலது முன்காலை, அந்த நல்ல காலை, தூக்கித் தன் முட்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். ஆணிகளை நிமிர்த்தி லாடத்தை நெம்பினாள். லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவிலிருந்து பட்டாணி அளவு கூழாங்கல் ஒன்று உருண்டு விழுந்தது. அது இருந்த இடத்தில் குளம்பு கருத்துக் கன்றிப் போயிருந்தது.

குதிரை விற்கிற கூட்டத்தில் இது பழைய வித்தைதானாம். ஒரு கால் நொண்டினால், நல்ல காலுக்கும் ஒரு வலியை வைத்துவிடுவது. இரண்டு காலும் ஒரே அளவுக்கு நொண்டினால் நொண்டுவதே தெரியாது. நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

அக்கா கல்லைப் பொறுக்கிச் சவாரிக்காரரின் உள்ளங்கையில் வைத்தாள். "குதிரையோட இதையும் சேத்துத்தான் வாங்கறீங்க."

சவாரிக்காரர் கல்லைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார். "குழந்தைங்கள ஏத்தி விடற பொழப்புய்யா என்னோடது. நடுவுல முட்டி மடிச்சு விழுந்தா யாரு பதில் சொல்றது? நீயா? இந்த அம்மா வரலேன்னா என் தலையில கட்டியிருப்பியே!" கல்லை முற்றத்தின் மூலையில் விட்டெறிந்துவிட்டுப் போய்விட்டார். லாடக்காரர் பெட்டியை மூடும் சத்தம்கூட வராமல் மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே நழுவினார்.

"சந்தையில எல்லாரும் பண்றதுதான் அண்ணி" என்றார் கொழுந்தன். குரலில் கோபம் இருந்தாலும் கண்ணை நிமிர்த்தவில்லை.

"எல்லாரும் பண்ணிக்கட்டும். காலு வலிக்குதுன்னு சொல்ல அதுக்கு இருந்தது ஒரே ஒரு வழி. நொண்டறது. அதையும் பிடுங்கிட்டீங்களே தம்பி."

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க? அதையாவது சொல்லுங்க! புதுக் குதிரைக்கு நான் பேசி முடிச்சாச்சு. இந்த மாசக் கடைசியில வருது. லாயத்துல பாதி என்னது. பாதி உங்களது. உங்க பாதியில ஒரு குதிரைதான் நிக்கும். புதுசா, நொண்டியா, நீங்களே பாத்துக்குங்க."

"நொண்டின்னு சொல்லாதீங்க."

"பின்ன என்ன, ஓட்டக்காரின்னு சொல்லவா?"

"அவசரம்னு சொல்லுங்க. அதுக்குப் பேரு இருக்கு."

அக்கா மறுநாள் ஆலைக்குப் போய் மேஸ்திரியைக் கேட்டாள். ஆலையின் பின்னால் மணல் குவிக்கிற பெரிய திடல் இருக்கிறது. மெத்தென்ற தரை. ஓரமாக ஒரு கொட்டகை போட்டுக்கொள்கிறேன் என்றாள். மேஸ்திரி நல்ல மனிதர். இருந்தாலும் கையைக் கூப்பாத குறையாக மறுத்துவிட்டார். "அக்கா, அந்த மணல உருக்கித்தான் கண்ணாடி. ஒரு உருண்டை லத்தி அதுல கலந்தா ஒரு நாள் வார்ப்பே பச்சையா, குமிழு குமிழா வரும். அப்புறம் உங்க தெருக்காரங்களே என்னைக் கல்லால அடிப்பாங்க." அது உண்மைதான். அக்காவும் அத்தோடு திரும்பிவிட்டாள். கண்ணாடி விஷயத்தில் அவள் யாரையும் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டாள்.

மாதக் கடைசிக்கு முன்னால் ஒரு காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அக்கா தன் அறையின் தரையைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வீட்டில் அவளுக்கென்று முழுசாக இருந்தது அந்த ஒரு அறைதான். கீழ்த்தளம். ஒரு கதவு முற்றத்துக்கு, ஓர் அகலமான ஜன்னல் தெருவுக்கு. புருஷனோடு குடித்தனம் தொடங்கியது அங்கேதான். கட்டில், பீரோ, துணிக்கொடி எல்லாம் முற்றத்தில் கிடந்தன. கொழுந்தன் மனைவியான ஓரகத்தி கட்டில் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு? பூப்போட்ட ஓடு அது! எங்க ரூமுல சிமென்ட்டுத் தரைதான், நான் ஒரு நாளாவது குறை சொல்லியிருக்கேனா?"

"உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. ரெண்டு மூணுதான் உடைஞ்சிருக்கு."

"நீங்க எங்க படுப்பீங்க?"

"லாயத்துக்கு மேல பரண் இருக்கே, வைக்கோல் போடறது. பாதியில நான், பாதியில வைக்கோல்."

"பொம்பளை பரண்ல படுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரையும் வரச் சொல்லு. மண்ணு சுமக்க ஆள் பத்தலை."

கொழுந்தன் வெளியிலிருந்து வந்து பார்த்தார். லாயத்தின் தன் பாதியைப் பற்றிப் பேசியவருக்கு அண்ணியின் அறையைப் பற்றிப் பேச இடம் இல்லை. "வீட்டுக்குள்ள குதிரையா? நாத்தம் வராதா? ஈ வராதா?" என்று கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"தினம் அள்ளுவேன். நாறுச்சுன்னா வந்து சொல்லுங்க, இன்னொரு தரம் அள்ளுவேன்."

"ஊரே சிரிக்கும் அண்ணி."

"கல்லு வெச்சதக் கேட்டா இதவிட நல்லாச் சிரிப்பாங்க. சொல்லிடட்டுமா?"

கொழுந்தன் திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மண்வெட்டியோடு வந்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, மண்ணை அள்ளிக் கொட்டினார். அக்காவும் நன்றி சொல்லவில்லை. நடந்ததற்கு அது ஈடாகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஓட்டுக்குக் கீழே ஒரு முழம் தோண்டி, சலித்த மண் போட்டு, அதன் மேல் மரத்தூள், அதன் மேல் வைக்கோல் பரப்பினார்கள். அறையில் கழற்றாமல் மிஞ்சியது சுவரில் இருந்த பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றுதான். ஓரத்தில் சின்னக் குமிழ் இருந்ததால் ஆலையில் கழித்த கண்ணாடி அது. பிரேம் நான் போட்டது. "இதைக் கழட்டி பரணுக்கு ஏத்தட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். கொஞ்சம் உயரத்துல மாட்டுங்க, முன்னாடி ரெண்டு கம்பி போடுங்க, முட்டாம இருக்கும். இத்தனை வருஷம் கண்ணாடி இழுத்துச்சு. ஒரு நாளாவது தன் மூஞ்சியப் பாத்துச்சா?"

அன்று மதியம் அவசரம் அந்த அறைக்குக் குடி போயிற்று. படியில் பலகை சாய்த்திருந்தோம். மெதுவாக, நொண்டி, ஒவ்வொரு காலையும் யோசித்து வைத்து ஏறியது. உள்ளே போய் வைக்கோலை முகர்ந்தது. கண்ணாடியைப் பார்த்துக் காதை விறைத்தது, கிட்டே போய் மூச்சு விட்டது, கண்ணாடி மங்கியது. தன்னைக் காணோம் என்று மறுபடி முகர்ந்தது. ஓரகத்திகூடச் சிரித்துவிட்டாள்.

மருத்துவர் வந்து பார்த்தார். தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார். "இந்தத் தரைக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு நாள் வரும்மா. அதுவும் உங்களுக்குத் தெரியணும்."

"தெரியும். குதிரை தானாப் படுத்துத் தானா எழுந்திருக்கிற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. என்னைக்கு நான் முட்டுக் குடுத்துத் தூக்கணுமோ அன்னைக்கு உங்களைக் கூப்பிடறேன். அந்த நாள நான் சொல்லுவேன். தம்பி சொல்லக் கூடாது, தெரு சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது."

"சரிம்மா" என்றார் மருத்துவர். "ஆனா அன்னைக்கு, இன்னும் ஒரு நாள் பாக்கலாம்னு இழுக்கக் கூடாது."

அக்கா அவசரத்தின் நெற்றிப் பொட்டைத் தடவினாள். "இழுக்க மாட்டேன்" என்றாள்.

புதுக் குதிரை வந்தது. கறுப்பு. இளசு. அழகு. கண்ணாடி முணுமுணுக்க ஆரம்பித்ததுமே துள்ளும். முதல் வாரத்திலேயே ஜன்னல்காரரின் சரக்கில் பாதியை நொறுக்கி, பட்டாசு என்று பெயர் வாங்கிவிட்டது. ஒருநாள் சரக்கு ஏற்றி முற்றத்தில் நிறுத்தியிருந்தபோது, அறைக்குப் போட்டிருந்த அரைக்கதவுக்கு மேலாக அவசரம் தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. பட்டாசு அப்படியே அடங்கி நின்றுவிட்டது. அவசரம் தலையை உள்ளே இழுத்ததும் மறுபடி ஆட்டம்.

கொழுந்தன் அதைக் கவனித்துவிட்டார். மறுநாள் காலை நான் அங்கே இருந்தபோது வந்து, தொண்டையைச் செருமினார். "அண்ணி, தினம் சரக்கு ஏத்தறப்ப அவசரத்தக் கதவாண்ட கட்டி வைங்களேன். பட்டாசு சும்மா நிக்கும். அவசரத்துக்கும் ஒரு வேலை ஆச்சு. யாரும் அது வெட்டியாத் தின்னுதுன்னு பேச முடியாது."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்காவுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"கட்டி வைக்க மாட்டேன்."

"ஏன் அண்ணி? நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"இன்னைக்குக் கதவுல நிக்கறதால சோறுன்னா, நாளைக்கு நிக்க முடியாத அன்னைக்கு? மறுபடி கணக்குக் கேப்பீங்க. அதுக்கு இனிமே வேலை கிடையாது. எட்டிப் பாக்கணும்னு தோணினா பாக்கும். தோணலைன்னா கண்ணாடியில மூஞ்சி பாக்கும்."

"பட்டாச யாரு அடக்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? உடைஞ்ச துண்டு ஆலையில மலையாக் கிடக்கு."

"அப்ப அவசரம் என்னதான் பண்ணுது உள்ள?"

"இருக்கு" என்றாள் அக்கா.

சொன்னபடியே ஆலையிலிருந்து உடைந்த துண்டுகளை வாங்கி வந்து, கடை திறக்காத நேரங்களில் பட்டாசோடு சந்து சந்தாக நடந்தாள். அவளுக்கு வயது கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான். இப்போது பட்டாசு ஓரளவு தேவலை. என் சரக்கில் போன மாதம் ஒன்றுதான் உடைந்தது. அதற்கும் சாக்குச் சொல்லவில்லை.

தினம் காலையில் பரணில் படுத்தபடியே அவசரத்தின் அறைப் பக்கம் காது கொடுத்துக் கேட்பாளாம். வைக்கோல் சரசரக்கும், ஒரு பெருமூச்சு, முன்கால் இரண்டும் ஊன்றும் சத்தம், பிறகு உடம்பை உதறும் சத்தம். கேட்டதும் இறங்கி வந்து ஜன்னலைத் திறந்து வைப்பாள். கடை திறக்கும் முன் தெருவில் எல்லோரும் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறோம். பூட்டுக்கடைக்காரர் பார்க்காததுபோலப் பார்ப்பார்.

போன வாரம் வீடு தேடிக்கொண்டு யாரோ ஒரு பெண் வந்தாள். திறந்த ஜன்னலில் பெரிய குதிரைத் தலை ஒன்று மென்றுகொண்டிருப்பதைப் பார்த்துப் பயந்து பின்வாங்கி, பட்டாசைப் பூட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டாள்: "ஏம்மா, இது யாரு வீடு?"

"அவசரத்தோட வீடு" என்றாள் அக்கா, வாரை இழுத்து மாட்டிக்கொண்டே. "நான் மேல பரண்ல குடியிருக்கேன்."